சயனைடு வைத்து வீட்டில் தங்கம் பிரிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கம்ப்யூட்டர் போர்டு, சிம் கார்டு, கில்ட் நகை, பட்டறைக் குப்பை என்று எதிலாவது தங்கம் எடுத்துப் பார்க்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. தங்கம் விற்கிற விலைக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. முலாம் பூசும் பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் பல வருடம் சயனைடுத் தொட்டிகளோடு வேலை பார்த்தவன் என்பதால், தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். செய்முறை எதுவும் இதில் கிடையாது. அதைத் தேடி வந்திருந்தால், ஏன் கிடையாது என்பதாவது தெரிந்துவிடும்.

சயனைடு உண்மையிலேயே தங்கத்தைக் கரைக்குமா?

கரைக்கும். அதில் மர்மம் ஏதும் இல்லை. தனியாக எந்தச் சாதாரண அமிலத்துக்கும் மசியாத தங்கம், நீர்த்த சயனைடுக் கரைசலில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாகக் கரைந்துவிடுகிறது. 1840-லேயே இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் சயனைடுக் கரைசலை வைத்து மின்முலாம் பூசக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆக்சிஜன் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பதை ஜெர்மன் வேதியியலாளர் எல்ஸ்னர் 1846-ல் விளக்கினார். 1887-ல் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் இதைச் சுரங்கத் தாதுவுக்குப் பொருந்தும் முறையாக மாற்றினார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் பிழைத்துக்கொண்டது இதனால்தான். நம் பக்கம் கோலார் தங்கவயலிலும் இதே முறைதான் இருந்தது.

சுரங்கத்தில் டன் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். நான் ஒரு வாளியில் செய்தால் என்ன?

எல்லோரும் கேட்பது இதைத்தான். அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சுரங்கத்தைக் காப்பாற்றுவது சயனைடின் அளவல்ல, அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் ஏற்பாடுகள். கரைசலின் காரத்தன்மை சுண்ணாம்பு போட்டு எப்போதும் உயர்வாகவே வைக்கப்படும். அது இறங்குகிறதா என்று கருவி ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். காற்றில் வாயு கலந்தால் அலாரம் அடிக்கும். தனி ஆளாக யாரையும் விட மாட்டார்கள். ஆக்சிஜன் சிலிண்டரும் மாற்று மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அவற்றைக் கொடுக்கப் பழகிய ஆட்களும் இருப்பார்கள்.

இவ்வளவும் எதற்கு? கரைசலின் காரத்தன்மை குறைந்தால் சயனைடு உப்பு ஹைட்ரஜன் சயனைடு வாயுவாக மாறி வெளியே வந்துவிடும். காரத்தன்மையைக் காட்டும் pH எண் 9.2-க்குப் பக்கத்தில் இறங்கி வந்தாலே கரைசலில் பாதி அந்த வடிவத்துக்குப் போய்விடும். இன்னும் இறங்கினால் கேட்கவே வேண்டாம். அந்தப் பொருளின் கொதிநிலை சுமார் 26 டிகிரி. சென்னை வெயிலில் அது திரவமாகக்கூட நிற்காது.

நான் வேலை பார்த்த இடத்தில் அமிலக் கழிவுக்கு ஒரு வாய்க்கால், சயனைடுக் கழிவுக்கு இன்னொரு வாய்க்கால். இரண்டும் கடைசிவரை சந்திக்காது. அப்படியும் ஒருநாள், புதிதாகச் சேர்ந்த பையன் அமிலத்தில் முக்கிய தட்டை அலசாமல் சயனைடு பக்க அலசுத் தொட்டியில் இறக்கிவிட்டான். தட்டில் ஒட்டியிருந்த ஈரம்தான், வேறொன்றும் இல்லை. அலாரம் அடித்தது, எல்லோரும் வெளியே ஓடினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலாரம் இருந்தது, ஓட வழி இருந்தது, விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உங்கள் வாளிக்குப் பக்கத்தில் இதில் எது இருக்கிறது?

கரைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்?

வீடியோக்கள் வழக்கமாக அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. தங்கம் கரைந்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது தங்கம் அல்ல, நிறமற்ற விஷத் தண்ணீர். அதிலிருந்து தங்கத்தை மீட்க ஆலைகள் துத்தநாகத் தூளையோ செயலூட்டிய கரியையோ (ஆக்டிவேட்டட் கார்பன்) பயன்படுத்துகின்றன. அதுவும் சுத்தத் தங்கமாக வராது. துத்தநாகம், செம்பு, வெள்ளி எல்லாம் கலந்த சேறாகத்தான் வரும். அதைச் சுத்தம் செய்ய அமிலம் வேண்டும்.

சயனைடில் தொடங்கிய வேலையை முடிக்க, சயனைடு ஒருபோதும் சந்திக்கக் கூடாத பொருளிடமே போக வேண்டியிருக்கிறது. சேற்றில் கொஞ்சம் சயனைடு மிச்சம் இருந்து, அதன்மேல் அமிலம் பட்டால் வாயு உடனே கிளம்பும். வீட்டில் இந்த முறையைத் தொடுபவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து தங்கத்தைக் கரைக்கும் நாளில் அல்ல, இந்தக் கட்டத்தில்தான் காத்திருக்கிறது. அதற்குள் பயம் போய், கை பழகியிருக்கும்.

கம்ப்யூட்டர் போர்டில் தங்கம் எவ்வளவுதான் இருக்கும்?

ஒரு கணக்குப் போடலாம். ராம் (RAM) எனப்படும் நினைவக அட்டை, பழைய கார்டு ஆகியவற்றின் விளிம்பில் பல்வரிசைபோல் மஞ்சளாக மின்னுமே, அதில் நல்ல தரத்தில் பூசிய தங்கத்தின் கனம் சுமார் 0.76 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். ஒரு கிராம் சேர சுமார் 680 சதுர சென்டிமீட்டர் தேவை. ஒரு ராமின் இரண்டு பக்கத்தையும் தாராளமாக 5 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 130-க்கு மேல் ராம் வேண்டும். அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தால். ஒரு சவரனுக்கு இதை எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

போர்டின் நடுப்பகுதியில் மஞ்சளாகத் தெரியும் புள்ளிகளில் இன்னும் மோசம். அங்கே பூச்சு பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மைக்ரான்தான். ஒரு கிராமுக்கு ஒரு சதுர மீட்டர்கூட ஆகலாம். மின்னுவதைப் பார்த்து மனம் கணக்குப் போடுவது ஒன்று, தராசு காட்டுவது வேறொன்று.

சயனைடு போட்டால் அமிலத்தைவிட அதிகத் தங்கம் வருமாமே?

இல்லாத தங்கத்தை எந்த ரசாயனமும் கொண்டுவராது. ஒரு டன் பாறையில் சில கிராம் மட்டும் தூவினாற்போல் கிடக்கும் தங்கத்தை மலிவாக எடுக்கத்தான் சயனைடு பெயர் வாங்கியது. போர்டு என்பது வேறு சரக்கு. அதில் பெரும்பகுதி செம்பு, கூடவே நிக்கல், ஈயம், வெள்ளீயம். சயனைடு செம்பையும் விடாது. தங்கத்துக்காக ஊற்றியதைச் செம்பு தின்றுவிடும், கரைசல் நீர்த்துப்போகும், தங்கம் பாதியிலேயே நிற்கும். அப்போது என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் போடுவார்கள். கழிவும் அதே வேகத்தில் பெருகும்.

தங்கம் தடிமனாக இருந்தாலும் இது உதவாது. மெல்லிய பூச்சு கரையும், ஆனால் உடைந்த மோதிரத்துண்டு ஒன்றைக் கரைக்க நாள் கணக்கில் ஆகும். அதை உருக்கிச் சுத்தம் செய்வதுதான் பத்தர்கள் காலங்காலமாகச் செய்வது.

சயனைடு வாயு கசிந்தால் பாதாம் வாசனையை வைத்தே தெரிந்துவிடும் என்கிறார்களே?

அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம். முதலில், அது நாம் பாதாம் பாலில் முகரும் வாசனை இல்லை. கசப்புப் பாதாம் என்று வேறொரு வகை இருக்கிறது, நம்மில் பெரும்பாலானோர் அதை முகர்ந்ததே இல்லை. இரண்டாவது, கணிசமான மனிதர்களுக்கு அந்த வாசனையை உணரும் திறன் பிறவியிலேயே கிடையாது. உணரக்கூடியவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துவிடும். காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழில் பாதுகாப்புக் கணக்கு சொல்கிறது.

உடம்புக்குள் போனால் என்ன செய்யும்?

செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதி ஒன்று இருக்கிறது. சயனைடு போய் அதைப் பூட்டிவிடும். மூச்சு ஓடும், ரத்தத்தில் ஆக்சிஜனும் இருக்கும், ஆனால் செல்லுக்கு அதை எடுத்துக்கொள்ள முடியாது. மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கும். தலைவலி, தலைச்சுற்றல், படபடப்பு, குழப்பம், அப்புறம் வலிப்பு, நினைவிழப்பு. வாயுவாக நிறைய உள்ளே போனால் இதெல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும். வாய், மூக்கு மட்டுமல்ல, தோல் வழியாகவும் ஏறும்.

‘மரவள்ளிக்கிழங்கிலும் சயனைடு இருக்கிறதே, நாம் சாப்பிடவில்லையா’ என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கிழங்கில் இருப்பது சர்க்கரையோடு பிணைந்த வடிவம். தோலைச் சீவி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுவதால் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் சிறு அளவைக் கல்லீரல் மெதுவாக மாற்றி வெளியேற்றிவிடும். மெதுவாக என்பதுதான் இங்கே முக்கியம். டப்பாவில் இருக்கும் உப்போ வாயுவோ உடம்புக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்காது.

மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் செய்தால்?

துணி மாஸ்க்கும் சரி, என்95-ம் சரி, தூசியைத்தான் தடுக்கும். வாயு தாராளமாகப் புகுந்துவிடும். இந்த வாயுவுக்கென்று செய்த வடிப்பான்கள் உண்டு, ஆனால் அவை எப்போது தீர்ந்துபோகும் என்று தெரிந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் காற்று வரும் என்பது உண்மைதான். அது எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. கீழ்வீட்டு ஜன்னலும் துணி காயப்போட வரும் பிள்ளையும் உங்கள் கணக்கில் இருக்கிறார்களா?

இன்னொன்று. கரைசலைத் திறந்து வைத்தாலே போதும், காற்றில் உள்ள கரியமில வாயு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி, சயனைடைச் சிறுகச் சிறுக வாயுவாக்கிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் விழுந்தாலும் காரத்தன்மை இறங்கும்.

‘சயனைடு இல்லாத’ தங்கம் கரைக்கும் பவுடர் ஆன்லைனில் கிடைக்கிறதே?

பொட்டலத்தின் மேல் பச்சை இலை படம் போட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். உள்ளே என்ன ரசாயனம், அதில் என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாளை விற்பவரிடம் கேளுங்கள். கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள். ஃபெரோசயனைடு என்ற பெயரைப் பார்த்தும் சிலர் குழம்புவார்கள். அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் நச்சுத்தன்மை குறைவுதான். உப்பு கட்டிதட்டாமல் இருக்கக்கூட மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். ஆனால் சூடான கடும் அமிலத்தில் அதுவும் வாயுவை விட்டுவிடும். ‘குறைந்த நச்சு’ என்று எழுதியிருந்தால் எந்தச் சூழ்நிலையில் குறைவு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மிச்சக் கரைசலை பிளீச்சிங் பவுடர் போட்டு அழித்துவிடலாம் என்கிறார்கள்.

தொழிற்சாலைகளில் குளோரின் கொண்டு சயனைடை அழிப்பது உண்மையே. ஆனால் அது பாத்ரூம் கழுவுகிற மாதிரி வேலை இல்லை. காரத்தன்மை குறைந்திருக்கும்போது குளோரின் சேர்ந்தால் சயனோஜென் குளோரைடு என்ற இன்னொரு நச்சு வாயு வெளியே வரும். நிக்கல், இரும்பு ஆகியவற்றோடு பிணைந்த சயனைடு இதற்கு எளிதில் மசியாது. முழுக்க அழிந்ததா என்பதைச் சோதனை செய்யாமல் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. ‘பவுடர் போட்டேன், நிறம் மாறியது, ஊற்றிவிட்டேன்’ என்பதெல்லாம் கதைக்கு ஆகாது.

சாக்கடையில் ஊற்றினால் நீர்த்துப் போகாதா?

சாக்கடையில் ஏற்கெனவே யார் வீட்டு அமிலம் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சந்தித்தால் அந்தக் குழாயே வாயுக் குழாயாகிவிடும். அதில் இறங்கும் தொழிலாளியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாவின் பாயா மாரே ஊரைச் சொல்வார்கள். 2000 ஜனவரி 30 அன்று அங்கே தங்க ஆலை ஒன்றின் கழிவுக் குட்டை உடைந்து, சயனைடு கலந்த சுமார் 1 லட்சம் கன மீட்டர் தண்ணீர் ஆற்றில் இறங்கியது. சோமெஷ், திசா, டான்யூப் என்று ஆறு விட்டு ஆறு போனது. ஹங்கேரியில் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது. பெரிய நிறுவனங்களுக்கான சர்வதேச சயனைடு மேலாண்மை விதித்தொகுப்பு அதற்குப் பிறகு உருவானதுதான். ஹங்கேரி 2009-ல் சயனைடுச் சுரங்க முறையையே தடை செய்தது. உங்கள் வாளியால் டான்யூப் சாகாது, சரி. தெருமுனைக் குளமும் பக்கத்து வீட்டுக் கிணறும் அவ்வளவு பெரியவை அல்ல.

கோலார் தங்கவயலின் ‘சயனைடு மலை’யில் இன்னும் தங்கம் இருக்கிறதாமே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது. 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை ஓடி, சுமார் 800 டன் தங்கம் கொடுத்தது. அரைத்துக் கழித்த மண்தான் ஊரைச் சுற்றிக் குன்றுகளாக நிற்கிறது, மொத்தம் ஏறக்குறைய 3.3 கோடி டன். ஒரு டன்னில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் இருக்கும். ஒரு மூட்டையை முதுகில் சுமந்துவந்தால் கண்ணுக்கே தெரியாத அளவுதான் உள்ளே. வெயிலிலும் காற்றிலும் தனிச் சயனைடு பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் மாவுபோல் அரைபட்ட அந்தத் தூசி காற்றடிக்கிற மாதங்களில் ஊருக்குள் புகுந்து நுரையீரலைத்தான் கேட்கிறது. கோடிக்கணக்கான டன்னை ஒரே இடத்தில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகலாம், தனி ஆளுக்கு ஆகாது.

பாதரசம் போட்டு எடுத்த மண்ணில் மிச்சத் தங்கத்துக்குச் சயனைடு போடலாமா?

வேண்டவே வேண்டாம். சயனைடு பாதரசத்தையும் கரைத்துத் தண்ணீரில் ஓடவிடும். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை, ஒழிக்க வேண்டிய மோசமான வழக்கங்களின் பட்டியலில் இதையே தனியாகச் சேர்த்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நஞ்சுப் பொருட்களின் விற்பனையை 1919-ம் ஆண்டின் நஞ்சுகள் சட்டத்தின் கீழ் மாநில அரசுகள் கட்டுப்படுத்துகின்றன. சயனைடு விற்க உரிமம் வேண்டும், வாங்குபவர் யார், எதற்கு என்பது பதிவேட்டில் ஏற வேண்டும். ‘தெரிந்த கடை, பில் இல்லாமல் தருவார்’ என்று யாராவது சொன்னால், அவர் உங்களை வம்பில் இழுத்துவிடுகிறார் என்று அர்த்தம். அமில விற்பனைக்கும் 2013-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்வதை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன.

எங்கள் பட்டறையில் அப்பா காலத்தில் இருந்தே சயனைடு இருக்கிறது. இதுவரை ஒன்றும் ஆனதில்லையே?

நல்லபடியாக இருந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் நகைத்தொழில் ஊர்களில் இதன் இன்னொரு பக்கம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கடன், வேலை இல்லாத மாதங்கள், வீட்டுச் சண்டை என்று மனம் உடைந்த ஒரு பொழுதில் அந்த டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே ஆபத்து. அதைப் பட்டறையிலிருந்து அப்புறப்படுத்தினாலே பல பொழுதுகள் தானாகக் கடந்துபோகும். அப்படி யாராவது தவிப்பதாகத் தெரிந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தொழிலுக்கு வேண்டியே தீரும் என்றால் பூட்டு, பதிவேடு, அமிலத்திலிருந்து தனி அறை. டீ டம்ளரிலோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

அப்படியானால் ராஜ திராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) பாதுகாப்பானதா?

இல்லை. பழுப்பு நிறத்தில் கிளம்பும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலைப் பதம் பார்க்கும், சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறல் தெரியும். ஒரே ஆறுதல், கண்ணுக்குத் தெரியும், தொண்டையை எரிக்கும், உங்களை ஓடவைக்கும். அதற்காக வீட்டுச் சமையலறையில் செய்யலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான ஆர்வம். என்னதான் செய்வது?

ஆர்வம் இருப்பவர் செய்ய நிறைய இருக்கிறது. பாகங்களை அடையாளம் கண்டு தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பல்வரிசை, பின்கள், பழைய பீங்கான் சில்லுகள் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்த்தால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் எடைக்கு வாங்கும். கலந்த குப்பைக்குத் தருவதைவிடப் பிரித்த சரக்குக்கு அதிகம் தருவார்கள். என் கணக்கில், கரைக்கப் போனவர்களைவிடப் பிரித்து விற்றவர்களே கையில் காசு பார்த்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால்?

உள்ளே ஓடாதீர்கள். விழுந்தவரைத் தூக்கப் போனவர் அடுத்ததாக விழுவது இந்த வாயு விபத்துகளில் வழக்கம். மற்றவர்களை விலக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள், ‘சயனைடு’ என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று மறைத்தால் மருத்துவருக்கு நேரம் வீணாகும். ஹைட்ராக்ஸோகோபாலமின், சோடியம் தயோசல்பேட் போன்ற மாற்று மருந்துகள் உண்டு, எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பு இருக்காது. முன்கூட்டியே தெரிந்தால்தான் தேடி வைப்பார்கள்.

அவர் திறந்தவெளியில் இருந்தால், கையுறையோடு உடையைக் களைந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், உங்களுக்கும் ஏறும். மூச்சும் அசைவும் இல்லை என்றால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடருங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எலுமிச்சைச் சாறோ மோரோ கொடுக்காதீர்கள்.

பழைய பட்டறை வாங்கினேன். பரணில் ‘சயனைடு’ என்று எழுதிய டப்பா இருக்கிறது.

திறக்க வேண்டாம், முகர வேண்டாம், வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டாம். மூடி துருப்பிடித்தோ ஈரமாகவோ இருந்தால் தொடவே வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். காய்ந்து நல்ல நிலையில் இருந்தால், அருகில் அமிலம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அறையைப் பூட்டி, உங்கள் மாவட்டத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இத்தகைய கழிவை வாங்கி அழிக்கக் கும்மிடிப்பூண்டியில் கிடங்கு இருக்கிறது. அங்கே கொண்டுபோகிற வேலையை உரிமம் பெற்ற வண்டிக்காரர் செய்யட்டும், நீங்கள் பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.